விலகிப் போகச் சொல்லும் அட்டைகள்: இசை இதழ்களின் முகப்பு யாரை அழைக்கிறது?

1986-ல் லண்டனில் ஒரு புதிய இசை மாத இதழுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தார்கள். முதலில் பிடித்துப்போன பெயர் 'க்யூ'. ரெக்கார்டை ஓடவிடத் தயாராக ஊசியைச் சரியான இடத்தில் நிறுத்திவைப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள மூன்றெழுத்துச் சொல் அது. ஆனால் ஸ்னூக்கர் ஆடும் கோலுக்கும் அதே சொல்தான். கடையில் பார்ப்பவர் இதை ஸ்னூக்கர் பத்திரிகை என்று நினைத்துவிட்டால்? மூன்றெழுத்துச் சொல்லைத் தூக்கிவிட்டு, அதே ஒலி தரும் ஒற்றை ரோமன் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். சிவப்புச் சதுரம், அதற்குள் வெள்ளையில் ஓர் எழுத்து. ஒற்றை எழுத்து கடை அடுக்கில் தூரத்திலிருந்தே கண்ணில் படும் என்பதும் ஒரு காரணம் என்று 200-வது இதழில் அவர்களே எழுதினார்கள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, பெயரை மாற்றவைத்த கவலை. யார் வர வேண்டும் என்பதோடு, யார் தவறிப்போய் வந்துவிடக் கூடாது என்றும் யோசித்திருக்கிறார்கள். இதழ் அட்டையைப் பற்றிய பாடங்கள் பெரும்பாலும் 'கவர்வது எப்படி' என்றே தொடங்கும். பளிச்சென்ற நிறம், பெரிய எழுத்து, தெரிந்த முகம். அது மட்டும் போதுமென்றால் எல்லா இசை இதழ்களும் இந்நேரம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆகியிருக்கும். அப்படி ஆகவில்லை. நல்ல அட்டை தனக்கு வேண்டாதவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. அந்தக் கறாரைப் பார்த்துத்தான் வேண்டியவர் "இது நம்ம இடம்" என்று உள்ளே வருகிறார். பிரிட்டனின் க்யூ, கெராங்!, என்.எம்.இ. (நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்), அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் ஆகிய நான்கு இதழ்களை வைத்து இதைப் பார்க்கலாம். வேறு சில இதழ்களும் நடுவில் வந்துபோகும்.

அடுக்கில் தெரிவது எவ்வளவு?

அட்டையை முழுதாகப் பார்ப்பவர் அதை வடிவமைத்தவர் ஒருவர்தான். கடைக்கு வருகிறவருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அடுக்கில் இதழ்கள் ஒன்றை ஒன்று மறைத்தபடி சாய்ந்திருக்கும். பல சமயம் இடது ஓரமும் மேல் விளிம்பும்தான் வெளியே தெரியும். அதனால்தான் இதழின் பெயர், முக்கியக் கலைஞரின் பெயர், 'இலவசம்' என்ற சொல் எல்லாம் இடது பக்கத்து மூன்றில் ஒரு பங்குக்குள் முண்டியடித்துக்கொண்டு நிற்கும். பார்கோடு கேட்பாரற்றுக் கீழ் மூலைக்குப் போகும்.

அட்டையில் நிற்பவரின் தலை இதழின் பெயரை மறைக்கலாமா என்பது லேஅவுட் மேஜையில் ஓயாத சண்டை. புதிய இதழுக்கு அது தற்கொலை. பெயரே இன்னும் மனதில் பதியவில்லை, அதில் பாதியை மறைத்தால் என்ன மிஞ்சும்? பழைய இதழுக்கு அதே விஷயம் ஒரு மிதப்பு. ரோலிங் ஸ்டோன் பெயரில் நடு எழுத்துகள் யாரோ ஒருவரின் தலைமுடிக்குப் பின்னால் போய்விட்டாலும் மிச்சத்தை வாசகரே நிரப்பிக்கொள்வார். எழுத்துகளைப் படிக்காமல் வடிவத்தைப் பார்த்தே அடையாளம் காண்கிறவர்களுக்காகச் செய்யப்படும் வேலை அது.

அட்டையைச் சோதிக்க நான் செய்யும் ஒரு காரியம் உண்டு. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பத்தடி தள்ளி நிற்பது. எழுத்து கரைந்துவிடும், முகம் மங்கிவிடும், நிறத் திட்டுகள் மட்டும் மிஞ்சும். அப்போதும் இது எந்த இதழ் என்று சொல்ல முடிந்தால் அட்டை பிழைத்துக்கொள்ளும். க்யூ இந்தச் சோதனையில் ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

சிவப்புச் சதுரம்

க்யூவைத் தொடங்கிய மார்க் எல்லனும் டேவிட் ஹெப்வொர்த்தும் அதற்கு முன்பு ஸ்மாஷ் ஹிட்ஸின் ஆசிரியர்களாக இருந்தவர்கள். ஸ்மாஷ் ஹிட்ஸ் பள்ளி வயதுப் பிள்ளைகளின் இதழ். பாட்டு வரிகள், கலர் படங்கள், கேலி, கும்மாளம். 1986-ல் இவர்கள் கண்ணில் பட்டது வேறொரு கூட்டம். சி.டி. அப்போதுதான் வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்தது. வேலைக்குப் போய்க் கையில் காசு புழங்கியவர்கள், ரெக்கார்டாக ஏற்கெனவே வைத்திருந்த அதே ஆல்பங்களை மறுபடி சி.டி.யில் வாங்கினார்கள். வார இசைப் பத்திரிகைகளுக்கு இவர்கள் பொருட்டே இல்லை. விரலில் மை ஒட்டும் தாளில் வந்த அந்தப் பத்திரிகைகள் அடுத்த வாரப் புதுமையைத் துரத்திக்கொண்டிருந்தன. பழைய பாடகர்கள் அவற்றில் வந்தது அநேகமாகக் கிண்டலுக்குத்தான்.

1986 அக்டோபர் தேதியிட்ட முதல் இதழின் அட்டையில் பீட்டில்ஸ் குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னி. அப்போது அவருக்கு வயது 44. பதினாறு வயதுப் பையன் இதைக் கையால் தொட மாட்டான் என்று தெரிந்தே வைத்த முகம் அது. பெயருக்குத் துணையாக ஒரு வரி: இசைக்கும் இன்னும் பலவற்றுக்குமான நவீன வழிகாட்டி. 'வழிகாட்டி' என்ற சொல்லைக் கவனியுங்கள். எதை வாங்கலாம் என்று கேட்கிறவருக்குத்தான் வழிகாட்டி தேவைப்படும். கையில் காசும் உண்டு, நேரம்தான் இல்லை என்கிற வாசகரை ஒரே சொல்லில் வரைந்துவிட்டார்கள்.

இனி அந்தச் சதுரத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பெரும்பாலான இதழ்களின் பெயர் அட்டையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீண்டு கிடக்கும். க்யூ இடது மேல் மூலையோடு நிறுத்திக்கொண்டது. அடுக்கில் எது மறைந்தாலும் மறையாத மூலை அது. மீதி மேல்பகுதி முழுக்கப் படத்துக்கு விடுதலை. சதுரத்துக்குள் இருக்கும் எழுத்துக்குக் காலும் வளைவும் உண்டு, புத்தகங்களில் பார்க்கிற வகை எழுத்துரு. கத்தாத எழுத்து. ஆனால் அது உட்கார்ந்திருக்கும் சிவப்பு கத்துகிறது. அடக்கமான எழுத்தையும் அடங்காத நிறத்தையும் ஒன்றாகக் கட்டிவைத்ததில்தான் அந்த வாசகரின் மனசு இருக்கிறது. ராக் கேட்டு வளர்ந்தவர், இப்போது கடன் கட்டுகிறவர்.

சதுரத்துக்குக் கீழே கலைஞர்களின் பெயர்ப் பட்டியல் வரும். பல இதழ்களில் பெயர்களுக்குப் பக்கத்தில் விளக்கம்கூட இருக்காது. வெறும் பெயர்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. இதைத்தான் நான் நுழைவுச் சீட்டு என்பேன். அந்தப் பெயர்கள் யாரென்று தெரிந்தால் நீங்கள் உள்ளே. தெரியாவிட்டால், அடுத்த அடுக்கில் உங்களுக்கு வேறு இதழ் இருக்கிறது.

அந்த வேறு இதழும் பல சமயம் அதே கம்பெனியுடையதுதான் என்பது இதில் சுவாரசியம். க்யூவை வெளியிட்ட ஈமாப் நிறுவனத்தின் கையில்தான் ஸ்மாஷ் ஹிட்ஸும் இருந்தது. 1991-ல் கெராங்!-ஐ வாங்கியது. 1993-ல் மோஜோ என்ற இன்னோர் இசை இதழைத் தொடங்கியது. ஒரே முதலாளி, நான்கு வாசல்கள். ஒரு வாசலுக்கு வர வேண்டியவர் இன்னொன்றில் நுழைந்துவிட்டால் கம்பெனிக்கு லாபமில்லை. அதனால் ஒவ்வோர் அட்டையும் பக்கத்து அட்டையிலிருந்து விலகி நின்றே ஆக வேண்டும்.

மோஜோவின் விலகல் நுட்பமானது. முதல் இதழிலேயே பாப் டிலனும் ஜான் லெனனும் அட்டைக்கு வந்தார்கள். 1993-ல் டிலனுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, லெனன் இறந்து பதிமூன்று ஆண்டுகள். அதன் பிறகும் மோஜோ அட்டையில் திரும்பத் திரும்ப வருவது கலைஞரின் இளவயதுப் படம், பெரும்பாலும் ஆவணக் கிடங்கிலிருந்து எடுத்தது. வாசகருக்கு இப்போது என்ன வயதோ, அதில் இருபது முப்பது ஆண்டுகளைக் கழித்தால் படத்தின் காலம் வந்துவிடும். அட்டையில் தெரிவது பாடகரின் முகம்தான், ஆனால் வாங்குகிறவர் பார்ப்பது தன்னுடைய பழைய முகத்தை.

சத்தத்தை எழுத்தாக்கிய கெராங்!

1981 ஜூனில் சவுண்ட்ஸ் என்ற வார இதழ், ஹெவி மெட்டலுக்காக ஒரு தனி வெளியீட்டைக் கொண்டுவந்தது. அட்டையில் ஏசி/டிசி குழுவின் ஆங்கஸ் யங். மின்கிதாரின் கம்பிகளை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் எழும் ஒலியையே பெயராக வைத்தார்கள்: கெராங்! கடைசியில் இருக்கும் ஆச்சரியக்குறியும் பெயரின் பகுதி. ஒருமுறை வந்து போவதற்காகத் தொடங்கியது நிலைத்துவிட்டது. 1987-ல் வார இதழானது.

அதன் பெயர்ப்பட்டையில் எழுத்துகள் விரிசல் விட்டிருக்கும். கண்ணாடியில் கல் பட்ட மாதிரி. அந்த இசையைக் கேட்டதே இல்லாத ஒருவருக்குக்கூட அது எப்படி இருக்கும் என்று ஒரு நொடியில் சொல்லிவிடும் வடிவமைப்பு. கேட்கும் பொருளை விற்க அட்டைக்குக் காது கிடையாது. இருக்கும் கண்ணை வைத்தே சத்தத்தைக் காட்டியாக வேண்டும். இந்தக் கணக்கை கெராங்! அளவுக்கு நேரடியாகப் போட்டுத் தீர்த்த இசை இதழ் வேறு எனக்குத் தெரியவில்லை.

அட்டையின் மற்ற பாகங்களும் அதே சத்தத்தில்தான் இருக்கும். நடுவில் நான்கைந்து பேர் கொண்ட குழு, யாரும் சிரிக்க மாட்டார்கள். ஒருவர் நாக்கை நீட்டுவார், ஒருவர் கேமராவை முறைப்பார். உச்சியில் குழுக்களின் பெயர்கள் ஓடும் பட்டை. கீழே உள்ளே இருக்கும் போஸ்டர்களின் சின்னச் சின்னப் படங்கள். சாய்ந்த பெட்டிகள், கிழித்து ஒட்டியது போன்ற ஓரங்கள், கறுப்புக்கு மேல் மஞ்சள், மஞ்சளுக்கு மேல் சிவப்பு. கண் தங்க ஓர் இடம் கிடையாது.

வடிவமைப்புக் கற்றுக்கொண்டிருந்த நாட்களில் இந்த மாதிரி ஓர் அட்டையை எடுத்துப் பயிற்சிக்காகத் 'திருத்த' உட்கார்ந்தேன். எழுத்துருக்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தேன். சாய்ந்த பெட்டிகளை நிமிர்த்தினேன். போஸ்டர் படங்களைத் தூக்கினேன். மூச்சுவிட இடம் வைத்தேன். சாயங்காலத்துக்குள் சுத்தமான, ஒழுங்கான அட்டை ஒன்று கிடைத்தது. பார்த்தால் ஆயுள் காப்பீட்டு விளம்பரம். முறைத்துக்கொண்டிருந்த அதே ஐந்து பேரும் பிரீமியம் கட்டச் சொல்கிற மாதிரியே இருந்தது.

நான் கழித்துக்கட்டியது எதை என்று பிறகுதான் உறைத்தது. அந்த நெரிசலே அங்கே ஒரு வாக்குறுதி. பாக்கெட் மணியில் வாங்கும் பிள்ளைக்கு, கொடுத்த காசுக்கு எத்தனை பொருள் என்பது முக்கியம். போஸ்டர் எத்தனை, குழு எத்தனை என்று அவர்கள் அட்டையிலேயே எண்ணிப் பார்ப்பார்கள். போஸ்டர் சுவருக்குப் போய்விட்டால் இதழின் வடிவமைப்பு படுக்கையறை வரை நீண்டுவிடுகிறது. அந்தச் சுவரைப் பார்த்து அம்மா முகம் சுளித்தால் வேலை முடிந்தது. க்யூ யாரைத் திருப்பி அனுப்புகிறது என்பதைக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். கெராங்! விஷயத்தில் யோசனையே வேண்டாம், பெற்றோர்.

2000-களின் தொடக்கத்தில் கெராங்! என்.எம்.இ.யைத் தாண்டி பிரிட்டனில் அதிகம் விற்கும் இசை வார இதழாக இருந்தது. அசிங்கமாக இருக்கிறது என்று என்னைப் போன்றவர்கள் திருத்த நினைத்த அதே தோற்றத்தோடுதான்.

இரண்டு முகம், ஒரு குத்துச்சண்டை

என்.எம்.இ. 1952-ல் தொடங்கியது. பிரிட்டனின் முதல் சிங்கிள் (தனிப்பாட்டு ரெக்கார்டு) விற்பனைப் பட்டியலை அந்த ஆண்டு நவம்பரில் வெளியிட்டதும் அதுதான். அதன் நீண்ட வரலாற்றில் ஓர் அட்டையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1995 ஆகஸ்ட் 14. பிளர், ஒயாசிஸ் இரண்டு குழுக்களும் ஒரே நாளில் சிங்கிள் வெளியிடுகின்றன. ஆகஸ்ட் 12 தேதியிட்ட என்.எம்.இ. அட்டை, குத்துச்சண்டைப் போஸ்டர் பாணியில் வந்தது. ஒரு பக்கம் பிளரின் பாடகர் டேமன் ஆல்பர்ன், இன்னொரு பக்கம் ஒயாசிஸின் பாடகர் லியம் காலகர். 'பிரிட்டிஷ் ஹெவிவெயிட் சாம்பியன்ஷிப்' என்று தலைப்பு.

போஸ்டர் பாணியை எடுத்துக்கொண்டதும் பல முடிவுகள் தானாக வந்துவிடுகின்றன. இரண்டு முகமும் சம அளவில் இருக்க வேண்டும். தேதி பெரிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் குத்துச்சண்டைப் போஸ்டர் விற்பதே தேதியைத்தான். கட்டுரையின் சாரத்தைச் சொல்ல வேண்டியதே இல்லை. முக்கியமாக, பார்ப்பவர் ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். இரண்டும் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவருக்கு குத்துச்சண்டை மைதானத்தில் நாற்காலி கிடையாது. வடக்கா தெற்கா, தொழிலாளி வீட்டுப் பிள்ளையா கலைக்கல்லூரிப் பையனா என்று அந்தச் சண்டைக்குள் இருந்த பிரிட்டிஷ் வர்க்கக் கதை முழுவதும் ஒரு சொல் இல்லாமல் அட்டைக்கு வந்துவிட்டது. பிளரின் சிங்கிள் சுமார் 2,74,000 பிரதிகளும் ஒயாசிஸின் சிங்கிள் சுமார் 2,16,000 பிரதிகளும் விற்றன. செய்தித் தொலைக்காட்சிகள் வரை அந்தச் சண்டை போனது. அட்டை செய்தியைச் சொல்லவில்லை, செய்தியை உண்டாக்கியது என்று குற்றம் சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை.

ரோலிங் ஸ்டோன்: இரண்டு வாசகர்கள், ஒரு சட்டகம்

1967 நவம்பர் 9 தேதியிட்ட முதல் இதழ் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்தது. தொடங்கியவர்கள் யான் வென்னரும் ரால்ஃப் கிளீசனும். பெயர் எழுத்தை வரைந்தவர் ரிக் கிரிஃபின், அந்த ஊரின் ராக் கச்சேரிப் போஸ்டர்களுக்குப் பேர்போன ஓவியர். கச்சேரிக்குப் போகிறவர்கள் தெருச் சுவர்களில் பார்த்துப் பழகிய நெளியும் எழுத்துகளே இதழின் நெற்றியிலும் வந்து உட்கார்ந்தன. அட்டையில் வட்டக் கண்ணாடி, போர்வீரர் தொப்பியோடு ஜான் லெனன், அவர் நடித்த ஒரு போர் நையாண்டிப் படத்திலிருந்து. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டில் ராணுவத் தொப்பி போட்ட பாப் பாடகர். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதழ் வளர்ந்தது, வாசகர்களும் வளர்ந்தார்கள், சிக்கலும் வளர்ந்தது. விளம்பரம் தரும் கம்பெனிகள் இன்னமும் இதை ஹிப்பிகளின் இதழ் என்றே நினைத்தன. 1985-ல் ஃபாலன் மெக்எலிகாட் ரைஸ் விளம்பர நிறுவனத்தை வைத்து ரோலிங் ஸ்டோன் ஒரு பிரச்சாரம் நடத்தியது. இடப்பக்கம் 'நினைப்பு', வலப்பக்கம் 'நிஜம்'. இந்தப் பக்கம் தாடியும் நீள்முடியுமாக ஹிப்பி, அந்தப் பக்கம் நேர்த்தியாக உடுத்திய இளைஞர். அந்த விளம்பரம் வாசகருக்காக வந்ததல்ல, விளம்பரம் தருகிறவருக்காக வந்தது. அட்டைக்கும் இதே இரட்டை வேலை உண்டு. கடையில் வாசகரிடம் "நான் உன் ஆள்" என்கிறது. விளம்பர மேலாளரின் மேஜையில் "பாருங்கள், என்னிடம் எப்படிப்பட்ட ஆட்கள் வருகிறார்கள்" என்கிறது. வடிவமைப்பை வாசகரோடு மட்டும் சேர்த்துப் படிக்கிறவர்கள் இந்த இரண்டாவது உரையாடலை விட்டுவிடுகிறார்கள்.

ரோலிங் ஸ்டோனின் மிகப் பெரிய அட்டையில் தலைப்பே கிடையாது. 1980 டிசம்பர் 8 அன்று ஆனி லீபோவிட்ஸ், லெனனும் அவர் மனைவி யோகோ ஓனோவும் வாழ்ந்த நியூயார்க் வீட்டில் படமெடுத்தார். இதழுக்கு வேண்டியது லெனன் மட்டும். இருவரும் சேர்ந்துதான் இருப்போம் என்றார் லெனன். ஆடையின்றிக் கருவில் இருக்கும் பிள்ளை போலச் சுருண்டு, கறுப்புடையில் மல்லாந்திருக்கும் ஓனோவைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறார். லெனனின் கண் மூடியிருக்கிறது. ஓனோவின் பார்வை வேறெங்கோ. அன்று இரவே லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1981 ஜனவரி 22 தேதியிட்ட இதழில் அந்தப் படம் வந்தது. இதழின் பெயரைத் தவிர, தலைப்பு, அஞ்சலி வாசகம், பிறந்த ஆண்டு இறந்த ஆண்டு எதுவும் இல்லை. இசை இதழ் அட்டை இலக்கணத்தின் முதல் விதி, கலைஞர் வாசகரின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பது. இங்கே இரண்டு பேரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. நாம் அழைக்கப்படவில்லை, நுழைந்துவிட்டோம். எழுத்தை எடுத்துவிட்டதால் சத்தம் நின்றது, துக்க வீட்டுக்குள் போகும்போது நாமே குரலைத் தாழ்த்துவது போல. 2005-ல் அமெரிக்க இதழாசிரியர் சங்கம், முந்தைய 40 ஆண்டுகளின் சிறந்த அட்டைகளை வரிசைப்படுத்தியபோது முதலிடம் இதற்குத்தான். ஆனால் யாருக்கு இது வேலை செய்தது? லெனன் யார், என்ன நடந்தது என்று ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு. விளக்கம் தேவைப்படும் ஒருவரைக்கூட அந்த அட்டை கணக்கில் எடுக்கவில்லை. க்யூவின் பெயர்ப் பட்டியல் செய்வதன் உச்சம் இது.

அதே சட்டகம் 2013-ல் வேறு மாதிரி வெடித்தது. பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பில் குற்றம் சாட்டப்பட்ட இளைஞரின் படத்தை ரோலிங் ஸ்டோன் அட்டையில் போட்டது. கலைந்த சுருள்முடி, மங்கிய வெளிச்சம், கேமராவை நேரே பார்க்கும் கண். அவரே தன்னை எடுத்துக்கொண்ட படம். அட்டை வாசகம் அவரை அரக்கன் என்றே சொன்னது. பயனில்லை. பெரிய கடைத்தொடர்கள் அந்த இதழை விற்க மறுத்தன. இத்தனைக்கும் அதே படம் இரண்டு மாதங்களுக்கு முன் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் வந்திருந்தது, அப்போது இப்படி ஒரு கொந்தளிப்பு இல்லை. செய்தித்தாளில் அது ஆதாரப் படம். நாற்பத்தைந்து ஆண்டுகளாக ராக் நட்சத்திரங்கள் நின்ற இடத்தில், அந்தப் பெயர் எழுத்துக்குக் கீழே வந்ததும் அது நட்சத்திரப் படமாகிவிட்டது. வாசகத்தைப் படிப்பதற்குள் சட்டகம் பேசி முடித்துவிட்டது. வடிவமைப்புக்கு இவ்வளவு பலமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இதுதான்.

அளவைப் பற்றியும் ஒரு வரி. மற்ற இதழ்களைவிட அகலமாக இருந்த ரோலிங் ஸ்டோன் 2008 அக்டோபரில் வழக்கமான இதழ் அளவுக்குச் சுருங்கியது. கடை அடுக்குகளில் அடங்குவது அதனால் எளிதானது. கூட்டத்தில் தலை ஒன்று உயரமாகத் தெரிந்த காலம் அதோடு போனது, 2018-ல் மறுபடி பெரிய அளவுக்குத் திரும்பும் வரை.

அட்டைக்குள் வராதவர்கள்

திருப்பி அனுப்புவதில் இன்னொரு முகமும் உண்டு, அது ரசிக்கத் தக்கதல்ல. ராக் இதழ்களின் அட்டைகளில் பல ஆண்டுகளாக வெள்ளை ஆண்களே நிறைந்திருந்தார்கள். வாசகர் அப்படித்தான் இருக்கிறார் என்று காரணம் சொல்லி, அட்டையை அப்படியே போட்டு, அதனால் வாசகரும் அப்படியே இருந்தார்கள்.

ஹிப்ஹாப் இதழ்கள் இதற்குத் தங்கள் வழியில் பதில் சொன்னன. 1998-ல் எக்ஸ்.எக்ஸ்.எல். அட்டைக்காக, 85 வயது புகைப்படக்காரர் கோர்டன் பார்க்ஸ் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், 126-வது தெருவில் ஹிப்ஹாப் கலைஞர்கள் பெருங்கூட்டத்தை ஒன்றாக நிறுத்திப் படமெடுத்தார். 1958-ல் ஆர்ட் கேன் 57 ஜாஸ் கலைஞர்களை நிறுத்திப் படமெடுத்த அதே வாசல். ஒரு முகத்தைப் பெரிதாக்கினால்தான் விற்கும் என்பது அட்டைத் தொழிலின் பால பாடம். இங்கே எந்த முகமும் கடுகளவுக்கு மேல் இல்லை. ஆனால் பழைய படத்தை அறிந்தவருக்கு அது ஒரு பட்டா. ஜாஸின் வாரிசு யார் என்று கேட்டால் இந்தப் படிக்கட்டைக் காட்டலாம்.

ரே கன் பற்றியும் சொல்லியாக வேண்டும், சுருக்கமாக. 1992-ல் தொடங்கிய இந்த இசை இதழில் வடிவமைப்பாளர் டேவிட் கார்சன் பெயர் எழுத்தையே இதழுக்கு இதழ் மாற்றினார். 1994-ல் ஒரு நேர்காணல் சலிப்பாக இருக்கிறது என்று முழுவதையும் சின்னங்கள் மட்டுமே உள்ள எழுத்துருவில் அச்சிட்டார். படிக்க முடியாது. வடிவமைப்பு மாணவர்கள் கொண்டாடினார்கள். கொண்டாடியவர்களில் எத்தனை பேர் பாட்டுக்காக வாங்கினார்கள் என்பது வேறு கேள்வி.

எல்லோருக்கும் திறந்த கதவு

2015-க்குள் என்.எம்.இ.யின் விற்பனை வாரம் சுமார் 15 ஆயிரம் பிரதிகளுக்கு இறங்கிவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் இதழை இலவசமாக்கினார்கள். ரயில் நிலையங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் கடைகளிலும் வாரம் மூன்று லட்சம் பிரதிகள். முதல் இலவச இதழின் அட்டையில் ரிஹானா. பின்னால் நடிகர் ராபர்ட் பாட்டின்சன், வானொலித் தொகுப்பாளர் கிறிஸ் மோயல்ஸ், ஜஸ்டின் பீபர், டெய்லர் ஸ்விஃப்ட். 2017 தேர்தலின்போது தொழிற்கட்சித் தலைவர் ஜெரமி கார்பின்.

இவர்களில் யார் மேலும் எனக்குக் குறையில்லை. ஆனால் அட்டையின் வேலை மாறிப்போனதைக் கவனிக்க வேண்டும். காசு கொடுக்கிறவர் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். ரயிலுக்கு ஓடுகிறவர் நீட்டியதை வாங்கிக்கொள்கிறார். அடுக்கே இல்லாதபோது இடது ஓரம் எதற்கு, பெயர்ப் பட்டியல் எதற்கு? ஓடுகிறவர் கையை மடக்கிக்கொள்ளாமல் இருந்தால் போதும். அதற்கு யாரையும் உறுத்தாத, எல்லோருக்கும் தெரிந்த முகம் வேண்டும். 1995-ல் "எந்தப் பக்கம்?" என்று சட்டையைப் பிடித்துக் கேட்ட இதழ், இருபது ஆண்டுகளில் எல்லோருக்கும் புன்னகையோடு வழிவிட்டு நின்றது.

எண்களில் அது வெற்றிதான். 2016 பிப்ரவரியில் வந்த கணக்குப்படி வாரச் சராசரி 3,07,217 பிரதிகள். பீட்டில்ஸ் அலை உச்சத்தில் இருந்த 1964-ன் 3,06,881-ஐயும் தாண்டி, என்.எம்.இ. வரலாற்றிலேயே அதிகம். 2018 மார்ச் 9 அன்று அச்சில் கடைசி வார இதழ் வந்தது. அச்சுச் செலவு ஏறியது, விளம்பரச் சந்தை சுருங்கியது என்று நிர்வாகம் சொன்னது. அதை நம்பாமலிருக்கக் காரணமில்லை. ஒரு நாட்டின் அச்சு விளம்பரம் வற்றியதற்கு அட்டையைப் பழிப்பது நியாயமும் இல்லை. ஆனாலும் அந்த மூன்று லட்சம் பேரிடம் விளம்பரதாரருக்குச் சொல்ல என்ன இருந்தது? 1985-ன் ரோலிங் ஸ்டோன் தன் வாசகர் யார் என்று படம் பிடித்துக் காட்ட முடிந்தது. இலவச என்.எம்.இ. காட்டியிருக்கக்கூடிய படம், காலை எட்டரை மணி ரயில் நிலையம்.

க்யூ 2020 ஜூலையில் நின்றது. அந்த நேரத்தில் இசைக்கான அட்டை என்பது கைபேசித் திரையில் கட்டைவிரல் நகத்தளவு சதுரம். முப்பது எழுத்துகள் கொண்ட வாசகம் அதில் எடுபடாது, பெயர்ப் பட்டியல் எடுபடாது, விரிசல் விட்ட கண்ணாடியும் அந்த அளவில் வெறும் கீறல்தான். அழுத்தமான ஒரு நிறம், அதன் நடுவில் ஓர் எழுத்து, அவ்வளவுதான் தாங்கும். கடை அடுக்கின் இடது மேல் மூலைக்காக 1986-ல் வரைந்த அந்தச் சிவப்புச் சதுரத்தைத் திரையில் வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.